ஏழாம் அத்தியாயம்: பத்துக்கு மூன்று

போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கட்சி உட்கார்ந்திருந்தது. இந்த வாரமும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் பெயிண்டர்.

பெயிண்டரின் மனைவி டீச்சர். ஒன்பது பள்ளிக்கூடங்களை நடத்தும் ஒரு நிர்வாகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் சங்கத் தேர்தலில் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் செயலாளர் ஆனவர். பெயிண்டரின் அக்கா அதே நிர்வாகத்தில் ஆபீஸ் மேனேஜர். புது வருஷத்து ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் டீச்சர் சங்கத்துப் பக்கம், அக்கா நிர்வாகத்துப் பக்கம். மாடியில் அக்கா, கீழே தம்பியும் டீச்சரும். பாத்ரூமும் சாப்பாட்டு மேசையும் பொது.

பேச்சுவார்த்தைக்கு என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட விதிகள் பன்னிரண்டு. மேசைக்கு வெளியே கோரிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது நான்காம் விதி. கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரியே வீட்டில் சிக்கல் வந்துவிட்டது. எது கோரிக்கை, எது கோரிக்கை இல்லை என்று யார் பிரித்துப் பார்ப்பது? வம்பே வேண்டாம் என்று இரண்டு பேரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இன்றோடு பதினொரு நாள்.

"என்னங்க, பாத்ரூம் காலியாச்சான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க."

அக்கா இரண்டடி தூரத்தில் ஈரத்தலையோடு நிற்கிறார்.

"அக்கா, பாத்ரூம் காலியா?"

"காலின்னு சொல்லு. வெந்நீர் தீர்ந்துபோச்சுன்னும் சொல்லு. நான் வேணும்னு தீர்க்கலைன்னும் சேர்த்துச் சொல்லு."

"காலியாம். ஆனா வெந்நீர்…"

"கேட்டுச்சு. எனக்குக் காது இருக்கு."

"அப்புறம் என்னை எதுக்குக் கேட்கச் சொன்னே?"

"விதி."

பெயிண்டர் சாரத்தில் ஏறி நாலு மாடி உயரத்தில் நின்று சுவர் அடித்த ஆள். அங்கே கூட இவ்வளவு தலை சுற்றியதில்லை.

அன்றுதான் முதல் நாள் பேச்சுவார்த்தை, பதினொரு மணிக்கு. முதல் விஷயமே பெரிய விஷயம்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? டீச்சர் வகுப்பில் ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்துக்கு மேல் கூடாது என்பது சங்கத்தின் கோரிக்கை. இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் டீச்சர் ஓட்டு வாங்கினார்.

சாப்பாட்டு மேசையின் இடது பக்கம் டீச்சரின் தாள்கள். பிள்ளைகளின் விடுமுறைக் கட்டுரைகள் ஒரு கட்டு. அதன் மேல் டைப் அடித்த தாள்கள் இன்னொரு கட்டு. ஒன்பது பள்ளிக்கூடத்துச் சங்கக் கிளைகளும் தங்கள் வகுப்புகளைப் பற்றி ஆளுக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவதுக்காக டீச்சர் மூன்று நாளாகப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். மேசையின் வலது பக்கம் அக்காவின் ஃபைல். இடையில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பெயிண்டர் டீ டம்ளரை வைப்பார்.

வைத்தார். முழங்கை இடித்தது. டீ ஓடியது.

"ஐயோ!" என்று இரண்டு பக்கத்துத் தாளையும் இரண்டு கையால் அள்ளினார். அக்கா மாடியில், டீச்சர் குளியலில். துணி எடுத்துத் துடைத்தார். தாள்களை இருந்த இடத்திலேயே வைத்தார். வைத்ததாகத்தான் நினைத்தார்.

டீச்சர் வந்து உட்கார்ந்தார். இடது கையில் ரொட்டி, வலது கையில் சிவப்புப் பேனா. அவர் திருத்துவதைப் பார்க்க வேண்டும். கண் தாளில் இருக்கும், வாய் மென்றுகொண்டிருக்கும், கை மட்டும் தனியாக வேலை பார்க்கும். கோடு போடும், வட்டம் போடும், ஓரத்தில் எழுதும், அடியில் மார்க் போட்டுக் கவிழ்த்து வைக்கும். வீட்டுச் சாமான் பட்டியலைக் கொடுத்தால் அதற்கும் மார்க் போடுகிற கை அது.

"அப்பாடா, ஒன்பதாவது கிளையும் அனுப்பிட்டாங்க போல. நீங்கதான் வாங்கி வெச்சீங்களா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் நாலு வரி படித்தார். "அடக்கடவுளே, என்னத்த எழுதியிருக்காங்க! இதை வெச்சுக்கிட்டுப் போனா நம்ம மானம் கப்பல் ஏறும்."

சர் சர் என்று பேனா ஓடியது.

அவர் கைகழுவப் போனபோதுதான் பெயிண்டர் கவனித்தார். கவிழ்த்து வைத்த தாள்களில் ஒன்றின் மூலையில் பச்சை கிளிப். பச்சை கிளிப் அக்காவுடையது. டீ துடைத்த அவசரத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. கவிழ்ந்தபடியே எடுத்து அக்காவின் ஃபைலில் செருகிவிட்டார். ஒரு தப்பு செய்தோம், அதை நாமே சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதியாக டம்ளரைக் கழுவி வைத்தார்.

திருப்பிப் பார்த்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

*

நிர்வாக ஆபீஸில் புது வருஷத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை பெயிண்டருக்குத்தான் வந்திருந்தது. அக்கா சிபாரிசு செய்யவில்லை. செய்யவில்லை என்று அக்காவே நாற்பது பேரிடம் சொல்லியிருந்தார். இரண்டு நாளாக உள் அறைகளை முடித்துவிட்டு, இன்று மீட்டிங் ஹாலுக்கு வெளியே வராந்தா. ஏணியின் ஆறாவது படியில் நின்றால் ஹாலின் வென்டிலேட்டர் நேராக முகத்துக்கு வரும். கேட்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சுவர் அங்கே இருந்தது.

பத்தரைக்கு அக்கா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. தலையில் கொதிக்கிற குண்டானைச் சுமந்து வருகிறவர் போல, கழுத்து அசையாமல் வந்தார்.

"டேய். இறங்கு."

"ரெண்டு கை அடிச்சுட்டு…"

"இறங்குடாங்கறேன்!"

இறங்கினார். அக்கா ஃபைலைத் திறந்து காட்டினார். பச்சை கிளிப் போட்ட தாள். 'ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள்?' என்று தலைப்பு. கீழே, அம்மை போட்ட உடம்பு மாதிரி, தாள் முழுக்கச் சிவப்பு.

'வகுப்பில் அறுபது பேர் இருந்தால் பிள்ளைகளுக்குள் ஒற்றுமை வளரும்' என்ற வரிக்குப் பக்கத்தில்: *யார் சொன்னது?*

'கடைசி வரிசையில் சரியாகக் கேட்காவிட்டால், கூர்ந்து கேட்கும் நல்ல பழக்கம் உண்டாகும்' என்பதற்கு: *அங்கே உட்கார்ந்து பார்த்ததுண்டா?*

'ஒரு பெஞ்சில் ஐந்து பேர் நெருங்கி உட்காருவது குளிர்காலத்தில் நல்லது.' *வெயில் காலத்தில்?*

அடியில் பெரிய வட்டத்துக்குள் பத்துக்கு மூன்று. அதற்கும் கீழே: *மீண்டும் எழுதி வரவும். பெற்றோர் கையொப்பம் தேவை.*

"இது யார் எழுதினது தெரியுமா?" அக்காவின் குரல் உள்ளுக்குள்ளேயே கரகரத்தது.

"டீச்சர் கையெழுத்துதான்."

"சிவப்பு இல்லடா, கறுப்பு! தாளாளர் தன் கையால எழுதி என்னை டைப் அடிக்கச் சொன்னது. மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கார். வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டியிருக்கார்."

நிர்வாகத்துக்கே தலைவரான தாளாளருக்கு வயது அறுபத்தொன்று. அவருக்குப் பெற்றோர் கையொப்பம்.

பெயிண்டர் பிரஷ்ஷை வாளி மேல் வைத்தார். டீ கொட்டியதிலிருந்து கிளிப்பைப் பார்த்தது வரை சொல்லி முடித்தார். அக்கா நடுவில் ஒரு முறை கூடத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏழாம் விதி என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு தரப்போட தாளை மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி எதிர்த்தரப்புல யாராவது பார்த்துட்டா, பார்த்தவங்க இந்த வருஷம் முழுக்க மேசைக்கு வரக்கூடாது."

"இப்படி ஒரு விதியை எந்தப் புண்ணியவான் எழுதினான்?"

"உன் பெண்டாட்டி."

உண்மைதான். போன வருஷம் வரை பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தவர் ஒருவர். கையில் மைக் கொடுத்தால் திருப்பி வாங்க ஆள் அனுப்ப வேண்டும் என்பதால் எல்லோரும் அவரை மைக் சார் என்றுதான் சொல்வார்கள். நிர்வாகம் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே ஓட்டலில் உட்கார்ந்து பார்த்துவிடுவார். மறுநாள் இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு, பார்த்த தாளிலேயே கையெழுத்துப் போடுவார். அதை நிறுத்தத்தான் டீச்சர் ஏழாம் விதியைக் கொண்டுவந்தார். இப்போது டீச்சர் எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் அதே மைக் சார்தான். ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகவே இருக்கும். அறுபத்தெட்டு ஆனாலும் ஆகும்.

"இன்னொரு காப்பி எடுத்துடலாமே அக்கா?"

"எடுக்கலாம். கம்ப்யூட்டர் எங்கே?"

நேற்று அக்காவின் அறைக்குச் சுவர் அடிக்கும்போது கம்ப்யூட்டர், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றி, பிளாஸ்டிக் சுற்றி, கயிறு கட்டி, மூன்று பீரோவுக்குப் பின்னால் அடுக்கி வைத்தவர் பெயிண்டரே. 'ஒரு சொட்டு பெயிண்ட் படாது, ஒரு வாரத்துக்குக் கவலையே வேண்டாம்' என்று பெருமையாக வேறு சொல்லியிருந்தார்.

"ஒயிட்னர்?"

"காய்ஞ்சு கல்லாக் கெடக்கு."

மணி பத்து முப்பத்தைந்து. பெயிண்டரின் பார்வை தானாகவே காலடியில் இருந்த வாளிக்குப் போனது. வெள்ளை எமல்ஷன். முதல் தரம்.

"அக்கா, ரெண்டு கோட் அடிச்சா எப்பேர்ப்பட்ட சுவரும் புதுசாயிடும்."

"இது தாளுடா."

"தாள்னா என்ன, மெல்லிசான சுவர்."

வேறு வழி இல்லாத நேரத்தில் மனிதர்களுக்கு எதுவும் நியாயமாகப் படும். அக்கா தாளை ஜன்னல் திண்டில் பிடித்துக்கொண்டார். பெயிண்டர் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு சிவப்பாக மூடினார். கறுப்பு எழுத்தில் ஒரு புள்ளி படவில்லை. வேலை என்றால் அதுதான் வேலை. அக்காவே, "பரவாயில்லையே!" என்றார்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் நீடித்தது.

சிவப்பின் மேல் நேராக வெள்ளை அடித்தால் சிவப்பு ஊறி வெளியே வரும். முதலில் பிரைமர் அடித்து அதை அடைக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெயிண்டர் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் அவரே அதை மறந்த நாள் இன்றுதான். வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ரோஜா நிறம் கசிந்தது. கூடவே எழுத்தும் வந்தது. முன்னே சின்னதாக இருந்த 'யார் சொன்னது?' இப்போது கொஞ்சம் ஊதிப் பெரிதாகவே தெரிந்தது.

"இன்னொரு கோட்…"

"தொட்டே, கையை உடைப்பேன்." அக்கா தாளை ஊதிக்கொண்டே சொன்னார். "நீ போய் உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு. நான் பேசக் கூடாது, நீ பேசலாம். ஓடு."

*

சங்கத்துக்காரர்கள் சைக்கிள் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் சார் நடுவில் நின்று எதிரே இருந்த ஏழு பேருக்கு எழுநூறு பேருக்குப் பேசுவது போல் பேசிக்கொண்டிருந்தார். பெயிண்டர் டீச்சரை ஓரமாக, பழைய டயர்களுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் பிரஷ், மூக்கில் வெள்ளை.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சருக்கு வந்த முதல் கவலை வேறு.

"அது ஒன்பதாவது கிளை இல்லையா?"

"இல்லை."

"அப்ப அவங்க இன்னும் அனுப்பவே இல்லையா?"

"அம்மா தாயே, உன் நாற்காலி போகப் போகுதுங்கறேன்!"

டீச்சர் அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தார். "அதான் பார்த்தேன். நம்ம ஆளு எவனும் இவ்வளவு மோசமா எழுத மாட்டானேன்னு." சுற்றும் முற்றும் பார்த்தார். "பேசாம இருந்துட்டா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். யார் கையெழுத்துன்னு யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல யாரோ கிறுக்கினதுன்னு…"

"அவரோட பேத்தி என் வகுப்புலதான் படிக்குது. தினமும் சாயங்காலம் அது நோட்டுல கையெழுத்துப் போடுறதே அவர்தான். என் மூணு எப்படி இருக்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும்." டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "தெரியலைன்னா கூட உங்க அக்கா தலையிலதான் விழும். அவங்க ஃபைல்ல இருந்த தாள்."

"பதினொரு நாளா மூஞ்சி கொடுத்துப் பேசலை. இப்ப மட்டும் பாசம் வருதா?"

"பேசலைன்னா ஆகாதுன்னு அர்த்தமா? போய் மூக்கைத் துடைங்க."

என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவே இல்லை. மணி அடித்தது.

*

பெயிண்டர் ஆறாவது படியில் நின்று, ஏற்கெனவே அடித்த இடத்தையே திரும்பத் திரும்ப அடித்தார்.

உள்ளே நீள மேசை. இந்தப் பக்கம் டீச்சர், மைக் சார், இன்னும் மூன்று பேர். அந்தப் பக்கம் தாளாளர், வக்கீல் ஒருவர், ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு நோட்டோடு அக்கா. தாளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

"முதல் விஷயத்தைப் பத்தி நானே கொஞ்சம் எழுதியிருக்கேன். மேனேஜர், அந்தத் தாள்?"

"சார், அது கொஞ்சம் ஈரமா இருக்கு."

"தாள் எப்படிம்மா ஈரமா இருக்கும்?"

"வெள்ளையடிக்கிறாங்க சார்."

வாங்கினார். தாள் அப்பளம் போல விறைப்பாக இருந்தது. அங்கங்கே ரோஜாப்பூ நிறம். ஏதோ அலங்காரம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கண்டுகொள்ளவில்லை. எழுந்து நின்று கணீரென்று ஆரம்பித்தார்.

"வகுப்பில் அறுபது பேர் இருந்தால் பிள்ளைகளுக்குள் ஒற்றுமை வளரும். யார் சொன்னது?"

நல்ல பேச்சாளர் இப்படித்தான் கேள்வி கேட்டு நிறுத்துவார் என்று வக்கீல் தலையாட்டினார். தாளாளர் புருவத்தைச் சுருக்கினார். எழுதிய ஞாபகம் இல்லை. இருந்தாலும் மேலே போனார்.

"கடைசி வரிசையில் சரியாகக் கேட்காவிட்டால் கூர்ந்து கேட்கும் நல்ல பழக்கம் உண்டாகும். அங்கே உட்கார்ந்து பார்த்ததுண்டா?"

"நல்ல கேள்வி!" என்றார் மைக் சார், யார் கேட்டது என்று தெரியாமலே.

தாளாளரின் கண் மளமளவென்று கீழே இறங்கியது. உதடு அசைந்தது. "பத்துக்கு… மூன்று. மீண்டும் எழுதி… பெற்றோர்…" கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தலையை டீச்சர் பக்கம் திருப்பினார். பேத்தியின் நோட்டில் தினமும் பார்க்கும் மூன்று.

டீச்சர் எழுந்துவிட்டார்.

"என் கையெழுத்துதாங்க. வீட்டு மேசையில தாள் மாறிப்போச்சு. எங்க கிளை அறிக்கைன்னு நினைச்சுத் திருத்திட்டேன். மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க தாளை நான் பார்த்தது உண்மை."

"ஏழாம் விதி!" மைக் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தோழர்களே, மனசு கனக்குது. ஆனா விதின்னா விதி. செயலாளர் வெளியேறணும். பொறுப்பை ஏத்துக்க நான்…"

"தாள் போனது என் ஃபைல்ல இருந்து சார்." அக்காவும் எழுந்துவிட்டார். "அவங்களை அனுப்புறதா இருந்தா என்னையும் அனுப்புங்க."

பெயிண்டருக்கு ஏணியில் நிற்க முடியவில்லை. வென்டிலேட்டருக்குள் தலையை நுழைத்தார்.

"சார், மாத்தி வெச்சது நான் சார்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுவரின் உச்சியில், வெள்ளை மூக்கோடு ஒரு முகம்.

"யாருய்யா அது?"

"பெயிண்டர் சார்."

"இதுல உனக்கு என்ன சம்பந்தம்?"

"அந்தம்மாவைக் கட்டிக்கிட்டவன் சார். இந்தம்மா கூடப் பிறந்தவன் சார்."

தாளாளர் உட்கார்ந்தார். வக்கீல் காதில் ஏதோ சொல்லப் போனார், கையால் தள்ளிவிட்டார். விதி, வெளியேற்றம், பெயிண்டர் எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மூன்று ராத்திரி கண்விழித்து எழுதிய மனிதர்.

"அதெல்லாம் இருக்கட்டும். மூணுதானா?"

"சார்?"

"பத்துக்கு மூணுதான் தேறுமா? அந்த மூணும் எதுக்கு?"

டீச்சர் ஒரு கணம்தான் யோசித்தார். மார்க் பற்றிக் கேட்டால் அவரால் மழுப்ப முடியாது. "தலைப்பு போட்டதுக்கு ஒண்ணு. முழுசா எழுதி முடிச்சதுக்கு ஒண்ணு. சுத்தமா இருந்ததுக்கு ஒண்ணு." தாளைப் பார்த்தார். "இப்பச் சுத்தமும் போச்சு."

"பெஞ்சு விஷயத்துல என்ன தப்பு? நெருங்கி உட்கார்ந்தா குளிராதே?"

"அஞ்சு பேர் உட்கார்ந்தா அஞ்சாவது பிள்ளைக்கு ஒரு கால் வெளியே இருக்கும் சார். எழுதறதுக்கு ஒரு முழங்கை வைக்கத்தான் இடம் உண்டு. இடது கைக்காரப் பிள்ளையும் வலது கைக்காரப் பிள்ளையும் பக்கத்துல உட்கார்ந்தா தினம் ஒரு சண்டை. எம் வகுப்புல இடது கைக்காரங்க ஆறு பேர்."

"அது உங்களுக்குச் சமாளிக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

"ஐம்பத்தெட்டு நோட்டு சார். ஒரு நோட்டுக்கு ரெண்டு நிமிஷம்னா கூட ரெண்டு மணி நேரம். அதனாலதான் சாப்பிடும்போது திருத்தறேன். அதனாலதான் உங்க தாளும் மாட்டுச்சு."

யாருக்கும் தெரியாமல் பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிட்டது. மைக் சார் மட்டும் நின்றுகொண்டே, "விதி… ஏழு…" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

தாளாளர் மேசையைத் தட்டினார். "ஒரு மனுஷனால ஐம்பத்தெட்டுப் பிள்ளைங்களைச் சமாளிக்க முடியாதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்! நானே வர்றேன். திங்கட்கிழமை, உங்க வகுப்புக்கு. காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் நானே எடுக்கறேன். எடுத்துட்டா நீங்க ஏழாம் விதிப்படி நாற்காலியை விட்டுப் போயிடணும்."

"எடுக்க முடியலைன்னா?"

"முடியலைன்னா…" சூட்டில் வாய் தானே பேசியது. "முடியலைன்னா ஒப்பந்தத்துல முதல் வரி முப்பத்தைந்துன்னு எழுதிக்கங்க. ஏழாம் விதியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

வக்கீல் பேனாவைக் கீழே போட்டார்.

"அண்ணி, எழுதிக்கங்க!" என்றார் டீச்சர்.

"எழுதிட்டேன், எழுதிட்டேன்" என்றார் அக்கா, தலை தூக்காமல். "தேதி போட்டாச்சு. சார், இங்க ஒரு கையெழுத்து."

தாளாளர் போட்டார். மைக் சாரும் பாய்ந்து வந்து போட்டார், அவருடைய கணக்கு அவருக்கு. ஏணியில் நின்ற பெயிண்டர் சந்தோஷத்தில் ரோலரை வாளிக்குள் போடுவதாக நினைத்து கீழே வராந்தாவில் கிடந்த வக்கீலின் செருப்புக்குள் போட்டார்.

*

மத்தியானம் டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு மைதானம்தான். பிரஷ் கழுவத் தண்ணீர் அங்கே நன்றாக வரும் என்று பெயிண்டரும் கூடவே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உண்மையில் வக்கீல் செருப்புப் போட வெளியே வரும் நேரம் அது.

மைதானத்தின் பாதியிலேயே சத்தம் கேட்டது. ஐந்தாம் வகுப்பு. டீச்சர் இல்லாத நேரத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் தன் அறையிலிருந்தே இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். ஓட்டுக் கூரை எழுந்து பறந்துவிடும் போல இருந்தது. பெஞ்சு இழுபடும் சத்தம், அடிபட்டவன் அழுகை, அடித்தவன் சிரிப்பு, யாரோ ஒரு குழந்தை தாளம் தவறாமல் டப்பா தட்டுகிறது.

பெயிண்டருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"திங்கட்கிழமை மனுஷன் தாங்குவாரா இதை? முதல் பீரியட்லயே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடிடுவார், பாரேன்!"

டீச்சரும் சிரித்தார். பதினொரு நாளில் முதல் முறையாக, பல் தெரிய. "கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா. அவ ஒருத்தி போதும், சாயங்காலம் வரைக்கும் வேண்டாம், பத்து மணிக்கே முடிச்சுடுவா."

"முப்பத்தைந்து எழுதின மாதிரிதான்."

"எழுதின மாதிரிதாங்க."

சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் வகுப்பு வாசலுக்கு வந்தார்கள். டீச்சர் நிலைப்படியில் கால் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சத்தம் நின்றது.

குறைந்தது என்று சொல்ல முடியாது, குழாயை மூடினால் நிற்குமே, அப்படி நின்றது. ஐம்பத்தெட்டுப் பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். இடது கை மார்பின் குறுக்கே, வலது கைச் சுட்டுவிரல் உதட்டின் மேல். ஐந்து பேர் உட்கார்ந்த பெஞ்சில் ஐந்தாவது பிள்ளையின் வெளியே தொங்கிய கால் கூட ஆடவில்லை. கடைசி பெஞ்சுக்காரி சிலை மாதிரி இருந்தாள்.

"அடேயப்பா!" என்றார் பெயிண்டர். "என்ன அழகா உட்கார்ந்திருக்காங்க! எப்படிப் பழக்கினே?"

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பெரியவங்க யார் உள்ளே வந்தாலும் இப்படித்தான் உட்காரணும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "எனக்கே இப்படின்னா, தாளாளர் வந்தா?"

பெயிண்டர் வாளியைக் கீழே வைத்தார்.

"சத்தம் போடுங்கன்னு சொல்லிடேன்."

"நானா? புள்ளைங்ககிட்டயா? எந்த வாயால சொல்றது?"

வகுப்புக்குள் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. விரலை உதட்டிலிருந்து எடுக்காமல், ஐம்பத்தெட்டு ஜோடிக் கண்கள் டீச்சரின் அடுத்த உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.